கூண்டில் நிற்பவள்: உசிலம்பட்டியும் பெண்கொலைச் சட்டங்களும்

1986 ஜூன் மாதம் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டியை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது இந்தச் சந்தை ஊர். அதுவரை வெளிமாநிலத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இங்கேயும் சுற்றுக் கிராமங்களிலும் பெண் குழந்தைகளைப் பிறந்த சில நாட்களுக்குள் கொன்றுவிடுகிறார்கள் என்றது அந்தக் கட்டுரை. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 குழந்தைகள் இப்படிச் செத்திருக்கும் என்று மதிப்பிட்டு, வரதட்சணையைக் காரணமாகச் சொன்னது.

அதே ஆண்டு நவம்பரில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இயல்புக்கு மாறாக இறந்திருக்க வேண்டும். இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டு அவளைக் கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் கணவனும் அவன் வீட்டாருமே அந்தச் சாவுக்குக் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். குறைந்தது ஏழு ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். சாட்சியச் சட்டத்திலும் 113பி என்ற பிரிவைச் சேர்த்து, ‘நாங்கள் காரணமில்லை’ என்று நிரூபிக்கும் பாரத்தைக் கணவன் வீட்டார் தலையில் வைத்தார்கள்.

இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றுதான். ஒருத்தி மருமகளாகப் போன இடத்தில் சாகிறாள், இன்னொருத்தி மகளாகப் பிறந்த மூன்றாம் நாள் சாகிறாள். முதல் வழக்கில் வரதட்சணை கேட்டவர்கள் கூண்டில் ஏறுகிறார்கள். இரண்டாவது வழக்கில், இருபது வருஷம் கழித்துக் கேட்கப்போகிறவர்களின் நிழல்கூடக் கோர்ட்டில் விழுவதில்லை. அங்கே ஏறுவது பெற்ற தாய். பெண்கள் கொல்லப்படுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் வந்தால் யார் அதன் கண்ணில் படுவார்கள், யார் படமாட்டார்கள் என்பதை உசிலம்பட்டியின் நாற்பது ஆண்டுகளை வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் வெளியே போய்வருவோம். பெண் என்பதாலேயே கொல்லப்படுவதை மற்றக் கொலைகளோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று பெண்ணிய ஆய்வாளர் டயானா ரஸல் 1976இல் பிரசல்ஸில் கூடிய, பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் பேசினார். மெக்ஸிகோவின் மானிடவியலாளர் மார்செலா லகார்தே அதை இன்னும் ஒரு படி நகர்த்தினார். கொன்றவன் மட்டுமல்ல, கொலைகளைத் தடுக்காமலும் விசாரிக்காமலும் இருந்த அரசும் இதில் பங்காளி என்றார். சியுதாத் ஹுவாரெஸ் நகரத்தில் ஒரு பருத்திக் காட்டில் கிடைத்த இளம்பெண்களின் சடலங்கள் தொடர்பான வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2009 நவம்பரில் மெக்ஸிகோ அரசைப் பொறுப்பாளியாக்கியது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகத் தனிச் சட்டம் இயற்றின.

பிரேசில் இதில் நன்றாக முன்னே போன நாடு. குடும்ப வன்முறைக்கு எதிரான மரியா தா பென்யா சட்டம் 2006இல் வந்தது. பெண்கொலையைக் கொடுங்குற்றமாக்கிய சட்டத்தில் 2015 மார்ச்சில் அதிபர் தில்மா ரூசெஃப் கையெழுத்திட்டார். 2024இல் அதைத் தனிக் குற்றமாகவே பிரித்து 20 முதல் 40 ஆண்டு வரை தண்டனை வைத்தார்கள். ஆனால் 2015இலேயே வெளியான ‘வன்முறை வரைபடம்’ என்ற அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. 2003க்கும் 2013க்கும் இடையே கொல்லப்பட்ட வெள்ளைப் பெண்களின் எண்ணிக்கை 9.8 சதவீதம் குறைந்திருந்தது. கறுப்புப் பெண்களின் எண்ணிக்கை 54 சதவீதம் கூடியிருந்தது. 1,864 பேர் என்பது 2,875 பேராகியிருந்தது. ஒரே நாடு, ஒரே மரியா தா பென்யா சட்டம், ஒரே பத்து ஆண்டு. 2015 சட்டத்துக்குப் பிறகும் பெண்கொலை என்று பதிவாகும் வழக்குகளில் 60 சதவீதத்துக்கு மேல் கறுப்புப் பெண்களே.

இதற்கு அங்குள்ள கறுப்புப் பெண்ணிய இயக்கங்கள் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. கணவன் அடித்தால் போலீஸ் நிலையம் போகலாம் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட சட்டம் அது. தன் மகனைச் சுட்ட போலீஸிடம் தன் கணவனைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறவள் யார்? வீட்டுக்குள் நடக்கும் கொலையை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தில், குடிசைப் பகுதிக்குள் புகுந்த போலீஸின் குண்டு பட்டுச் சாகிறவளுக்கு இடமில்லை. சட்டத்தை எழுதியவர்கள் கறுப்புப் பெண்களை வேண்டுமென்று விலக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எழுதும்போது கண்முன் இருந்த பெண் வேறொருத்தி, அவ்வளவுதான்.

உசிலம்பட்டிக்குத் திரும்பினால், இங்கே சட்டத்தின் கண்முன் யார் இருந்தார்கள் என்பது நூறு வருஷத்துக்கும் முந்தைய கதையோடு சேர்ந்தது. பெண்சிசுக்கொலையை வெள்ளைக்கார அரசு கண்டுகொண்டது 1789இல், காசி வட்டாரத்து ராஜ்புத்துகளிடம். ஜோனத்தன் டங்கன் என்ற அதிகாரி அதை எழுதினார். 1795இல் வங்காள ஒழுங்குமுறை ஒன்று அதைக் கொலை என்றது. பலனில்லை என்று 1870இல் பெண்சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். சந்தேகத்துக்குரிய சாதி, சந்தேகத்துக்குரிய ஊர் என்று அறிவிப்பது, பிறப்பு இறப்பைப் போலீஸ் பதிவது, ஊர்ச் செலவிலேயே கூடுதல் போலீஸ் போடுவது என்பது அதன் வழிமுறை. கல்யாணச் செலவுக்கு வரம்பு விதிக்கவும் அதில் இடமிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். காரணத்தின் பக்கமும் ஒரு கண் இருந்த சட்டம் அது. அடுத்த ஆண்டு, 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. சாதியையே சந்தேகப்படும் அதே வழிமுறையை இப்போது களவுக்கு வைத்தார்கள்.

சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் 1911இல் நீண்டது. 1914 முதல் மதுரைச் சீமையின் கள்ளர் சாதி ஊர்கள் அதன் கீழ் வந்தன. உசிலம்பட்டிப் பக்கம் இதற்குப் பெயர் ரேகைச் சட்டம். வயதுக்கு வந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ படுக்க வேண்டும், வெளியூர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். அதற்கு நாற்பது வருஷத்துக்குள் அதே ஊர்களின் பெயர் மறுபடி குற்றத்தோடு சேர்த்து அச்சேறியது. வண்டி வைத்துக்கொண்டு நிருபர்களும் கேமராக்காரர்களும் வந்தபோது, தாத்தாவுக்கு ரேகை எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றால் அதில் குற்றவுணர்ச்சி மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.

இதைச் சொல்வதால் கொலை நடக்கவில்லை என்றாகாது. நடந்தது. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் வெறும் சினிமா வசனம் அல்ல. 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வருவதற்கு வெகு முன்பே அவை இந்த மண்ணின் பேச்சில் இருந்தன. ஆனால் இங்கே மட்டும் நடந்தது என்பதுதான் பொய். 1992இல் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் மூவரும் வடஆற்காட்டில் கே.வி.குப்பம் ஒன்றியத்தின் 12 கிராமங்களில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே செத்த 33 பெண் குழந்தைகளில் 19 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 1997இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெ.பா.ஆத்ரேயாவும் மாநிலம் முழுவதும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 1995ஆம் ஆண்டுக்கு அவர்கள் எடுத்த கணக்கு 3,226 பெண்சிசுக்கொலைகள். பட்டியலில் முன்னால் நின்றது மதுரை அல்ல, சேலமும் தருமபுரியும். நிலபுலன் உள்ள, அரசியலில் கை ஓங்கிய சாதிகளின் ஊர்கள் அவற்றில் நிறைய உண்டு. அந்தச் சாதிகளின் பெயர் ஏன் இந்தக் குற்றத்தோடு ஒட்டவில்லை என்று யோசித்தால் 1914க்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கிராம சுகாதார செவிலியர் எழுதும் சிசு மரணக் காரணப் பகுதியில் ‘சமூகக் காரணங்கள்’ என்று ஒரு வகை இருந்தது. பேறுகாலச் சிக்கல், வயிற்றுப்போக்கு, நிமோனியா வரிசையில் அதுவும் ஒன்று. அரசு ஊழியர் ஒருவருக்குக் கொலை என்று தெரிகிறது, அதை அரசுப் பதிவேட்டில் எழுதவும் செய்கிறார், மேலதிகாரி அதைக் கூட்டிக் கணக்கும் அனுப்புகிறார். போலீஸுக்கு மட்டும் போகவில்லை. இதைக் கேட்டதும் கோபம் வரும். ஆனால் அந்தச் செவிலியரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு தாயை அவர் போலீஸில் பிடித்துக்கொடுத்தால் அடுத்த மாதம் அந்தத் தெருவில் ஒரு கர்ப்பிணியும் பெயர் பதியமாட்டாள், ரணஜன்னி ஊசிக்கு வரமாட்டாள், பிரசவம் வீட்டுக்குள்ளேயே முடியும். பெண் பிறந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். கணக்காவது மிஞ்சட்டும் என்ற முடிவு அது. எனக்கு அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

இனி காரணத்துக்கு வருவோம். 1949-50இல் இந்த வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் பதிந்த சமூகத்தில் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் போட்டது. தாய்மாமன், அத்தை வீடு என்று உறவுக்குள்ளேயே பெண் போனாள். பிடிக்கவில்லை என்றால் தீர்த்துக்கொண்டு வேறு கல்யாணம் செய்துகொள்ளப் பெண்ணுக்கும் வழி இருந்தது. அங்கிருந்து முப்பது வருஷத்தில் பெண் வீடு பவுன் கணக்குச் சொல்லும் நிலைக்கு எப்படி வந்தது? வைகை அணை 1959இல் திறந்தபின் பாசனம் கிடைத்த பகுதிகளில் காசு புரண்டது, மாப்பிள்ளைக்கு விலை ஏறியது, வானம் பார்த்த பூமியாகவே கிடந்த உசிலம்பட்டிப் பக்கமும் அந்த விலையைக் கட்ட வேண்டியதாயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். படிப்பு, அரசு வேலை, போலீஸ் வேலை வந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளக்கார மாப்பிள்ளை என்ற புதுச் சரக்கு சந்தைக்கு வந்தது.

வரதட்சணை என்று ஒரு தொகையை மட்டும் நினைத்தால் இந்த வட்டாரத்தின் கணக்குப் பிடிபடாது. இங்கே பெண்ணைப் பெற்றவன் பயப்படுவது செய்முறைக்கு. காதுகுத்து, சடங்கு, நிச்சயம், கல்யாண நகை, பாத்திரம் பண்டம், தலை ஆடி, தலை தீபாவளி, வளைகாப்பு, தலைப்பிரசவம், அப்புறம் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அப்பன் செத்துப்போனால் தாய்மாமன் சீர் என்ற பெயரில் அண்ணன் தம்பி செய்ய வேண்டும். ஒவ்வொரு விசேஷத்திலும் மொய் நோட்டு எழுதி, யார் எவ்வளவு என்று மைக் செட்டில் வாசிப்பார்கள். பேர் வாசிக்கும்போது ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். போன தடவை அவர் எழுதியதற்குக் குறைந்து எழுதினால் முகத்தில் விழிக்க முடியாது. ஆண் குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த நோட்டு வரவு. மூன்று பெண் உள்ள வீட்டுக்கு அது முடிவில்லாத கடன் பத்திரம். முதல் பெண்ணைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்குத்தான் ஆபத்து என்று ஆய்வுகள் சொல்வதன் கணக்கு இதில் இருக்கிறது.

அரசும் இதே கணக்கில் ஒரு கை போட்டது. 1970கள், 80களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்து ஆள் பிடித்த காலம். தமிழ்நாடு அதில் முன்மாதிரி மாநிலம். 1990களின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு சொச்சம் பிள்ளை என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. இரண்டோடு நிறுத்து என்றது அரசு. இரண்டில் ஒன்று பையனாக இருக்கட்டும் என்றது வீடு. ஐந்து பெற்று இரண்டு பையன் என்றிருந்த இடத்தில், பிறக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பையனின் இடத்தைப் பிடித்தவளானாள். பெண் குழந்தையைக் காப்பாற்ற 1992இல் கொண்டுவந்த உதவித்தொகைத் திட்டமும் பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும், ஆண் வாரிசு இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. லகார்தே சொன்ன பங்காளி இங்கே காக்கிச் சட்டையில் வரவில்லை, இலக்கு நோட்டோடு வந்தது.

ஒரு வழக்கு எப்படி நடக்கும் என்று பார்த்தால் சட்டத்தின் பார்வை தெரியும். தகவல் கிடைத்ததும் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். வீட்டுக் கொல்லையிலோ ஓடைக்கரையிலோ புதைத்த உடலை வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டி எடுப்பார்கள். அரசு மருத்துவர் அங்கேயே பரிசோதித்து உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். சில நாளில் மண்ணுக்குள் கரைந்துவிடும் பச்சை உடலில் விஷத்தைக் காட்டுவது லேசல்ல. மிச்சமிருப்பது, குழந்தை கடைசியாக யார் கையில் இருந்தது என்ற கேள்வி. பதில் எப்போதும் தாய். கொடுத்தது மாமியாராக இருக்கலாம், மருத்துவச்சியாக இருக்கலாம். ‘ரெண்டாவதும் பொட்டப்புள்ளையா’ என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் போன கணவனாக இருக்கவும் இருக்கலாம். அவன் அந்த நேரம் வீட்டில் இல்லை. அது போதும். பெண்சிசுவுக்கென்று இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லாததால், அந்தச் சட்டம் நடப்பில் இருந்த 2024 வரை 302ஆம் பிரிவு, நேரடிக் கொலை. உசிலம்பட்டிப் பக்கத்தில் 1990களில் இப்படி ஆயுள் தண்டனை பெற்ற தாய் உண்டு. இங்கிலாந்து 1922இலேயே, பேறுகாலத்தில் மனம் குலைந்த தாய்க்குத் தண்டனையைக் குறைக்கத் தனிச் சட்டம் போட்டுக்கொண்டது. தண்டனைச் சட்டத்தை நமக்கு எழுதிக்கொடுத்தவர்கள் அந்தத் திருத்தத்தை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் கேட்டு வாங்கவில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. கருவிலேயே பெண் என்று கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றினார்கள். 1996 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது, 2003இல் இறுக்கித் திருத்தினார்கள். அதன் 24ஆம் பிரிவு, ஸ்கேன் எடுத்துக்கொண்ட கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. அப்படியில்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பாடு. காட்ட முடியாவிட்டால் தூண்டிய குற்றம் அவர்களுடையது. நல்ல சட்டம். ஒரு பெண் இதையெல்லாம் தானாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று புரிந்துகொண்டு எழுதியது. இதே புரிதல் ஏன் பிறந்த பிறகு இல்லை? ஸ்கேனுக்குக் காசு கொடுக்க முடிந்தவள் கட்டாயப்படுத்தப்பட்டவள். காசில்லாமல் பத்து மாதம் சுமந்து பெற்ற பிறகு அதே வீடு, அதே மாமியார், அதே கணவன் சொன்னதைக் கேட்டவள் கொலைகாரி. பிரேசிலில் நிறம் செய்த வேலையை இங்கே வறுமையும், ரேகைச் சட்டத்தில் விழுந்த சாதிப் பெயரும் செய்தன.

தாயை விட்டுவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. செத்தது ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு உயிர்வாழும் உரிமை தாயின் துயரத்துக்கு ஒரு துளியும் குறைந்ததல்ல. ஆனால் 113பியும் 24ஆம் பிரிவும் சுமத்தும் அனுமானத்தை இங்கேயும் சுமத்தியிருந்தால், வீட்டில் இல்லாத கணவன் வழக்கில் இருந்திருப்பான். விசாரணை குழந்தை கடைசியாக இருந்த கையோடு நின்றிருக்காது. அந்த வீட்டின் நகைப் பேச்சு, கடன், முந்தைய பிரசவத்துக்குப் பின் நடந்த சண்டை என்று போயிருக்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலிருந்தே கேட்பதையும் குற்றம் என்கிறது. உசிலம்பட்டியில் பேர் வாசிக்கும் மைக் செட்டை நிறுத்த அதை யாரும் எடுத்துவந்ததில்லை.

1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வேண்டாத பெண்ணை அரசிடம் போட்டுவிட்டுப் போ, பேர் கேட்கமாட்டோம் என்றது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு, அதைச் சிறுமைப்படுத்த முடியாது. அந்த இடத்திலும் தொட்டில்வரை நடந்துவந்தவள் தாய்தான், யாரும் எதையும் கேட்காதபடி காக்கப்பட்டவன் தகப்பன். குழந்தை நலச் சங்கங்களும் தன்னார்வ நிறுவனங்களும் உசிலம்பட்டியில் வீடு வீடாகப் போனதும், தருமபுரியில் கலைப்பயணக் குழுக்கள் மாமியார்களையும் கணவன்களையும் மேடைக்கு எதிரே உட்காரவைத்து நாடகம் போட்டதும் எனக்கு இதைவிடக் கூர்மையான வேலையாகத் தெரிகின்றன.

2000க்குப் பிறகு இந்த வட்டாரத்தில் சிசுக்கொலைச் செய்தி அரிதாகிவிட்டது. ஒரு பகுதி மனமாற்றம், ஒரு பகுதி ஸ்கேன். மாநில அளவில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. சேலத்தில் 2001இல் 851தான், பிறகு ஏறியது. 2011இல் கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே வந்தன. அந்தப் பெயர்களை யாரும் அட்டைப்படத்தில் போடவில்லை. ஸ்கேன் சென்டருக்குச் சாதிப் பெயர் கிடையாது.

கொல்லப்படாமல் வளர்ந்த பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள். உசிலம்பட்டியின் பெயர் மூன்றாம் முறை நீதிமன்ற ஏட்டில் ஏறியது அவர்களில் ஒருத்தியால். 2014இல் இந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், தலித் இளைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதற்குப் பிறகு செத்தாள். உடல் அவசரமாக எரிக்கப்பட்டது. கணவர் உயர் நீதிமன்றம் போனார். 2016 ஏப்ரலில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் தீர்ப்பளித்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் கொண்ட தனிப் பிரிவு, 24 மணி நேர உதவித் தொலைபேசி, சாதி மறுத்து மணந்தவர்களுக்குப் பாதுகாப்பு என்று அதில் உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் நாடு முழுமைக்கும் இதே போக்கில் ஆணையிட்டது.

2014 சாவைச் சட்டத்தின் எந்தப் பெட்டியில் வைப்பது என்று பாருங்கள். கணவன் வீடு கொல்லவில்லை, எனவே 304பி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் செத்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வரும். அவள் கணவர் கொல்லப்பட்டிருந்தால் தனி நீதிமன்றம், அரசு நிவாரணம், சாட்சிப் பாதுகாப்பு எல்லாம் வந்திருக்கும். கொல்லப்பட்டவள் பிற்பட்ட சாதிப் பெண், சந்தேகம் விழுவது அவள் சொந்த வீட்டின் மேல், எனவே இது வெறும் கொலை வழக்கு. சாதிக்காகச் செத்தவளைச் சாதிச் சட்டம் காணாது, பெண் என்பதால் செத்தவளைப் பெண்களுக்கான சட்டம் காணாது. கறுப்புப் பெண்ணின் வழக்கில் இன ஒதுக்கல் சட்டமும் பாலின ஒதுக்கல் சட்டமும் இப்படித்தான் ஒன்றையொன்று பார்த்துக் கைகாட்டும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதினார்.

இப்படிப்பட்ட கொலைகளைத் தடுக்கும் தனிச் சட்டத்துக்கான வரைவு நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் ஒன்றை எழுதிக் கொடுத்தது. அதன் கண்முன் இருந்தது ஹரியானாவின் காப் என்னும் சாதிப் பஞ்சாயத்து. திருமணத்தைக் கண்டிக்கக் கூடும் சட்டவிரோதக் கூட்டத்தைத் தண்டிப்பதே அதன் மையம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூட்டம் கூடுவதில்லை. அப்பா, அண்ணன், சித்தப்பா, தாய்மாமன் என்று நாலு பேர் பூட்டிய கதவுக்குள் முடித்துவிடுகிறார்கள். ஊர் மறுநாள் வாயை மூடிக்கொள்கிறது. 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணையத்தை அறிவித்தது, ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க. அந்த வரைவில் நான் முதலில் தேடப்போவது தண்டனை எத்தனை ஆண்டு என்பதை அல்ல. பெண் தன் பிறந்த வீட்டில் செத்தால் புகார்தாரர் யார்? பதிவாகாத திருமணத்தில் கணவன் சொல்லை நிலைய அதிகாரி ஏற்க வேண்டுமா? உடலை எரிக்கும் முன் யாருக்குத் தகவல் போக வேண்டும்? அந்த நேரம் ‘வெளியூர் போயிருந்த’ தாய்மாமன் மேல் என்ன அனுமானம்? மகளைக் காப்பாற்ற முடியாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்த தாயை அது எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதையும் பார்ப்பேன்.